நாலு கீப்பர் ஜெர்சி

எங்கள் கம்பெனி வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. முதலாளி ஹாக்கி மட்டையைக் கிரிக்கெட் மட்டை மாதிரி தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் இன்னொரு மட்டையோடு நிற்கிற பெண் நான். என் பிடி சரியாக இருக்கிறது. இடது கை மேலே, வலது கை கீழே, முழங்கால் லேசாக மடங்கி. காலையில் விரல் வைத்து வருகையைப் பதிந்துவிட்டு அந்தப் படத்தைத் தாண்டித்தான் செக்கிங் பகுதிக்குப் போகவேண்டும். முதலாளியின் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் பிடியைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டுதான் நடக்கிறேன்.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் இந்தப் பனியன் கம்பெனிக்கு நான் வந்து பல வருடங்கள் ஆகின்றன. பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்து, இப்போது ஃபைனல் செக்கிங் முழுவதும் என் பொறுப்பு. தைத்து முடித்த பீஸ் என் டேபிளுக்கு வரும். அளந்து, தையலை இழுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் என் நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவேன். ஸ்டிக்கர் இல்லாத பீஸ் பெட்டிக்குள் போகாது. இந்த ஊரில் எனக்கு இருக்கிற அதிகாரம் அவ்வளவுதான்.

சொந்த ஊர் கோவில்பட்டி. அங்கே ஹாக்கி மட்டை இல்லாத தெரு குறைவு. நான் கோல் கீப்பர். மாநில அணி வரைக்கும் ஆடினேன். அதற்கு மேல் ஒரு தேசிய முகாமுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் ரயிலில் போய் இறங்கினால், கீப்பருக்கு என்று கொடுத்த ஜெர்சி மற்றவர்களுடைய அளவிலேயே இருந்தது. கீப்பர் நெஞ்சில் மெத்தை மாதிரி கனமான கவசம் கட்டவேண்டும். அதற்கு மேலேதான் ஜெர்சி போடவேண்டும், அது விதி. உள்ளே கவசம், மேலே இறுக்கமான துணி. கையைத் தூக்கினால் அக்குளில் பிடித்து நிறுத்தியது. இடது தோளுக்கு மேலே வந்த பந்தை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். கைதான் போகவில்லை. தேர்வாளர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "கை வரலையே" என்றார். மறுநாள் ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஜெர்சியைப் பற்றி நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீப்பர் ஜெர்சி சின்னதாக இருந்தால் என்ன ஆகும் என்பது இந்தத் திருப்பூரில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

நம் நாட்டில் நடக்கவிருந்த ஒரு சர்வதேச ஹாக்கிப் போட்டிக்கு வரும் மகளிர் அணி ஒன்றின் ஆட்ட உடைகள் எங்களுக்கு ஆர்டராக வந்தன. சின்ன நாடு. ரசிகர்களுக்கு விற்கிற டி-சர்ட் ஆயிரக்கணக்கில், அதோடு அந்தப் பெண்கள் உண்மையிலேயே போட்டு ஆடப்போகிற ஜெர்சிகள். அதில் கீப்பர் ஜெர்சி நாலே நாலு. எல்லாம் இழுத்தாலும் நீளாத பாலியஸ்டர். ஆர்டர் வந்த அன்று நான் யாரிடமும் சொல்லாமல் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருடத்தில் பனியனும் ஜட்டியும் குழந்தைகள் பைஜாமாவும் பார்த்த டேபிள் அது.

கீப்பர் பீஸ் நாலும் டேபிளுக்கு வந்தன. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. டேப் வைத்தேன். பாதி நெஞ்சளவு, அதாவது அக்குளுக்கு அக்குள், ஐம்பத்து நாலு சென்டிமீட்டர். மற்ற ஆட்டக்காரிகளின் பெரிய சைஸைவிட இரண்டே சென்டிமீட்டர் கூடுதல். அளவுச் சார்ட்டைப் பார்த்தால் அதிலும் ஐம்பத்து நாலு என்றுதான் இருந்தது.

ஆர்டர் கொடுக்கிற பையரோடு பேசி வேலையைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரிடம் போனேன். அவிநாசிக்காரர், மரியாதையான ஆள், கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம்.

"பையர் அனுப்புன சார்ட்லயும் இதேதானா தம்பி?"

"அவங்க அறுவத்தி நாலுன்னு போட்டிருந்தாங்கக்கா. டைப்பிங் மிஸ்டேக்குங்க. நாப்பத்தியாறு, நாப்பத்தொம்போது, அம்பத்திரெண்டுன்னு வந்துட்டு திடீர்னு அறுவத்தி நாலு எப்படிங்க வரும்? நாந்தான் அம்பத்தி நாலுன்னு மாத்தி கட்டிங்குக்கு குடுத்தேன்."

"அது மிஸ்டேக் இல்ல தம்பி. கீப்பர் உள்ள செஸ்ட் கார்டு கட்டி அதுக்கு மேல இதப் போடணும்லா. அறுவத்தி நாலு வேணும்."

அவர் முகம் மாறியது. ஆனாலும் பையருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்க அவர் தயாராக இல்லை. எங்கள் தொழிலில் ஒரு கேடுகெட்ட பழக்கம் உண்டு. சாம்பிள் ஓகே ஆனபிறகு பையரிடம் சந்தேகம் கேட்கக்கூடாது. கேட்டால் இவனுக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடுவானாம். அதனால் சார்ட்டில் எது புரியவில்லையோ அதை நாங்களே திருத்திக்கொள்வோம். நாங்கள் திருத்திய அளவுக்கே நாங்கள் செக் செய்வோம். எல்லாமே சரியாக இருக்கும்.

முதலாளியிடமும் சொன்னேன். நெருப்பெரிச்சலிலேயே தோட்டம் காடு உள்ள குடும்பம் அவருடையது. யாரையும் ஒருமையில் பேசமாட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நாலு பீஸுக்கா இத்தன யோசன? வேன் நாளைக்கு கெளம்புதுங்க. சார்ட் அளவுக்கு இருக்குதுங்களா?"

"சார்ட்டையே மாத்திட்டாங்க சார்."

"செரி, பாக்கலாமுங்க" என்றார். பாக்கலாமுங்க என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம். நானும் விடவில்லை. ஸ்டிக்கர் ஒட்டாமல் நாலு பீஸையும் மடித்து என் டேபிளுக்குக் கீழே வைத்தேன். துணி மிச்சம் இருந்தது. ராத்திரிக்குள் புதிதாக வெட்டித் தைத்துவிடலாம், கட்டிங் மாஸ்டரிடம்கூடக் கேட்டுவிட்டேன். இதுவரைக்கும் நான் யோக்கியமாகத்தான் இருந்தேன்.

அன்று மதியம் பையரின் ஏஜென்ட் சென்னையிலிருந்து வந்தார். யாரோ முதலாளியிடம் போய், செக்கிங் அக்கா முன்னாள் ஹாக்கி பிளேயர் என்று சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடமாக என் பெயரையே சரியாகக் கேட்டுக்கொள்ளாத மனிதர் நேராக என் டேபிளுக்கு வந்தார்.

"அம்மிணி, இதயெல்லாம் சொல்லவே இல்லீங்களே. வாங்க, வாங்க."

ஆள் அனுப்பி இரண்டு மட்டை வாங்கி வரச் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத மட்டைகள். எனக்கு ஒரு ஜெர்சியை எடுத்து ஏப்ரனுக்கு மேல் போட்டுவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய உடம்பு, தலையில் பிசிறு நூல், கையில் மட்டை. தையல் லைனில் இருந்த பெண்கள் எல்லாம் எழுந்து வந்து போனைத் தூக்கிப் பிடித்தார்கள். முதலாளி ஏஜென்டிடம் சொன்னார்.

"இவுங்க ஸ்டேட் பிளேயருங்க. இவுங்க ஓகே பண்ணாம நம்ம கம்பெனில ஒரு பீஸ் வெளிய போகாதுங்க."

ஏஜென்ட் என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "அப்படியா மேடம்? நீங்களே கீப்பரா இருந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. கீப்பர் ஜெர்சி எப்படி வந்திருக்கு?"

கேள்வி நேராக என்னிடம் வந்தது. பையரிடம் கேட்கக்கூடாது என்கிற பழக்கமெல்லாம் அந்த இடத்தில் செல்லாது. பையரின் ஆளே கேட்கிறார். ஒரே வாக்கியம் போதும். அந்த நாலு பீஸும் சின்னது சார், இன்றைக்கே மாற்றிவிடலாம். அவ்வளவுதான் சொல்லவேண்டும். மெர்ச்சண்டைசர் தம்பி எனக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தார். முதலாளி சிரித்தபடியே இருந்தார். என்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து போன்கள்.

"நல்லா வந்திருக்கு சார். ஓகேதான்" என்றேன்.

பயந்து சொன்னேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பொய். என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கமாட்டார்கள். அந்த நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. முகாமிலிருந்து திரும்பி வந்தபிறகு என்னை யாரும் பிளேயர் என்று சொன்னதில்லை. சொன்னதும் நாய்க்குட்டி மாதிரி வாலாட்டிவிட்டேன். படத்துக்கு நின்றபோது என் பிடி சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். நாலு ஜெர்சி டேபிளுக்கு அடியில் கிடந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருக்கும்போதே சிரித்தேன். ஏஜென்ட் போனபிறகு நானே குனிந்து அவற்றை எடுத்து நாலிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அந்த அணி ஆடிய முதல் ஆட்டம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. பேக்கிங் பகுதியில் பெட்டி மேல் பெட்டி வைத்து அதில் ஒரு போனைச் சாய்த்துவைத்தார்கள். மொத்தக் கம்பெனியும் டிபன் பாக்ஸோடு அதைச் சுற்றி உட்கார்ந்தது. யார் எந்தப் பக்கம் கோல் போடவேண்டும் என்றுகூடத் தெரியாதவர்கள், காலர் தெரிந்தால் கைதட்டினார்கள். "அது நம்ம ஓவர்லாக் தையல்" என்றான் ஒருவன். "அந்த நம்பர் நான் ஒட்டுனது" என்றாள் ஒருத்தி. பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் அக்கறை இல்லை.

நான் கோல் பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கீப்பருக்கு வயது இருபதுகூட இருக்காது. கவசத்துக்கு மேல் எங்கள் ஜெர்சி ஒட்டிக் கிடந்தது. முதுகில் இருந்த எண் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விறைப்பாகத் தெரிந்தது. ஆட்டம் நின்ற ஒவ்வொரு முறையும் அவள் கைகளை உதறி, அக்குள் பக்கத் துணியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். வேறு ஜெர்சி இருந்திருக்காது. அந்த அணியின் கீப்பர்களுக்குப் போனதே அந்த நாலுதான்.

கால்கள் அபாரமாக இருந்தன. தரையோடு வந்த நாலைந்து பந்துகளை உதைத்துத் தள்ளினாள். கடைசிப் பகுதியில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வந்தது, அவளுடைய இடது தோளுக்கு மேலே. அவள் பார்த்துவிட்டாள். தலை சரியாகத் திரும்பியது. கை தோள் மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

ஒரே கோலில் தோற்றார்கள். அதை மெதுவாக ஓட்டி மூன்று முறை காட்டினார்கள். கீப்பர் தாமதம் என்று வர்ணனையாளர் சொன்னார். அவள் முகமூடிக்குள் எதுவும் தெரியவில்லை. மண்டியிட்டபடியே அக்குளைத் தடவிக்கொண்டாள்.

முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த இழுவைக்கும் ஒரு நூல் பிரியலீங்க பாருங்க. நம்ம தையலு அப்படி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் வாயில் இருந்த புளிச்சோற்றை எழுந்துபோய்த் துப்பினேன்.

அந்தப் பெண் நாளை என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். ஜெர்சி இறுக்கம் என்பாள். அவள் ஊரிலும் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். இங்கே செக்கிங் ரிப்போர்ட்டில் அந்த ஜெர்சி சரியான அளவு என்று இருக்கிறது. அதன் கீழே என் நம்பர்.

மறுநாள் டீ இடைவேளையில் சாம்பிள் அறைக்குப் போனேன். ஒவ்வொரு ஸ்டைலிலும் ஒரு பீஸ் கம்பெனிக்கென்று கூடுதலாகத் தைத்து, அதையும் என் டேபிளில் பாஸ் செய்து அங்கே வைத்திருப்போம். கீப்பர் ஜெர்சியும் ஒன்று தொங்கியது. கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து துணியை அள்ளி, ஒரு கவசத்தின் கனத்துக்கு மடித்து, நெஞ்சிலும் முதுகிலும் நாடாவால் கட்டிக்கொண்டேன். அதற்கு மேல் ஜெர்சியைத் தலைவழியாக இழுத்து இறக்கினேன். மொத்தமே இரண்டு நிமிட வேலை. அனுப்புவதற்கு முன்னால் என் டேபிளிலேயே இதைச் செய்து காட்டியிருக்கலாம். மெர்ச்சண்டைசரும் பார்த்திருப்பார், முதலாளியும் பார்த்திருப்பார்.

இடது கையைத் தூக்கினேன். தோள் வரைக்கும் வந்தது. அப்புறம் வரவில்லை. கழற்றப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை. துணி அக்குளில் சிக்கி, இரண்டு கையும் பாதியில் நிற்க, ஜெர்சி மூக்குவரை ஏறி மாட்டிக்கொண்டது. மூச்சு முட்டியது. சாம்பிள் டெய்லரை நான்தான் கத்திக் கூப்பிட்டேன். பீகாரிலிருந்து வந்தவன், அமைதியான ஆள். ஓடி வந்து என்னைப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தான்.

"ஆடாதீங்க அக்கா" என்று சொல்லிப் பக்கவாட்டுத் தையலை இடுப்பிலிருந்து அக்குள் வரை வெட்டினான். தையல் அவ்வளவு உறுதி. அவனுக்கே நேரம் எடுத்தது.

கையை இறக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் வெட்டிய துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு உள்பக்கம் காலருக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினான்.

"அக்கா, இது பாஸ் பீஸ். எப்படி பாஸ் ஆச்சு?"