கைராசிக்காரரின் கட்டை விரல்

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஒரு மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காகத் திண்டாடிக்கொண்டிருந்தேன். வலி மருந்து ஒன்று தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது என்பது என் தலைப்பு. அதன் மூலக்கூறு இரண்டு வடிவில் வரும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம், இரண்டு கைகளைப் போல. சங்குக்குச் சொல்வது மாதிரி வலம்புரி, இடம்புரி என்றே நாங்கள் கூப்பிட்டோம்.

கறிக்கடையில் வாங்கிய ஆட்டுக் காதின் தோலைக் கண்ணாடிக் குப்பியின் வாயில் விரித்துக் கட்டுவோம். மேலே மருந்து, அடியில் நீர். நீரில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று அளப்போம். வெறும் தோலில் இரண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். அது உறுதியான பிறகு, தோலின் கொழுப்பைத் தளர்த்தி வழிவிடச் செய்யும் மெந்தாலைச் சேர்ப்பதாகத் திட்டம். மெந்தாலுக்கும் வலம், இடம் உண்டு. அது யாருக்குச் சலுகை காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் வெறும் தோலிலேயே வலம்புரி முந்திக்கொண்டு ஓடியது. தராசைச் சோதித்தேன், பாட்டில்களை மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை.

"உனக்குக் கவனமே போறலைம்மா. இப்படியே போயிண்டிருந்தா தலைப்பையே மாத்திடலாம்" என்றார் என் வழிகாட்டி, மயிலாப்பூர்க்காரர்.

தலைப்பு மாறினால் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் அப்பாவோ பொறுமை போய் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா அன்று மாடவீதிக் கூட்டத்தைத் தாண்டி வழிகாட்டியால் வர முடியவில்லை. எல்லாத் தோலையும் நானே கட்டினேன். வரைபடத்தில் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே போயின! மற்ற நாட்களில் குப்பிகளின் முதல் வரிசைக்கு அவர்தான் தோல் கட்டுவார். கைராசிக்காரர் என்று பெயர். நல்ல காரியத்தை வலதில் தொடங்க வேண்டுமே, அதனால் முதல் வரிசை எப்போதும் வலம்புரிக்கு; இடம்புரி வரிசையைக் கட்டுவது நான்.

மறுநாள் அவர் வழக்கம்போலக் கையுறை போடாமல், சுருக்கம் போகத் தோலைக் கட்டை விரலால் நீவினார். பக்கத்தில் நின்ற எனக்கு வாசனை மூக்கில் ஏறியது. தலைவலித் தைலம். நெற்றியில் அதை அப்பிக்கொள்ளாமல் மனிதர் வேலையைத் தொடமாட்டார். அதில் இருப்பதே மெந்தாலும் கற்பூரமும்தான்.

உடன் ஆய்வு செய்த தோழியிடம் சொன்னேன்.

"இன்னாடி, சார்கிட்டயே போய் உங்க கைராசிதான் கெடுக்குதுன்னு சொல்லப் போறியா? நீ காலி!" என்றாள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை அவரிடம், "சார், ஒரு மாறுதலுக்கு இன்னிக்கு இடம்புரியை நீங்க கட்டுங்களேன்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கட்டினார். மாலையில் இடம்புரி முந்தியிருந்தது.

அவர் வரைபடத்தைப் பார்த்தார். நான் கட்டிய வரிசையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கட்டை விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"அடக் கஷ்டமே! இத்தனை நாளா நானா?" என்று சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "தலைப்பு அதேதான். நாளைலேர்ந்து எல்லாத்தையும் நீயே கட்டு. நான் தள்ளி நின்னுண்டு பாக்கறேன்."

அப்பாடா என்றிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுதேன், சிரித்தேன்.

மந்தைவெளி வீட்டுக்குள் நுழைந்ததுமே அப்பா, "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வராங்க" என்றார்.

"நான் லேப்ல இருப்பேன்ப்பா" என்றேன்.