நூறாம் நம்பர் நரம்பு

என் மகன் கைப்பேசியில் பார்த்துத் தூண்டில் நரம்பு வரவழைத்திருக்கிறான். பச்சை நிறத்தில், சடை மாதிரிப் பின்னிய நரம்பு. இருபது கிலோ தாங்குமாம்.

"இருபது கிலோவுக்கு நம்ம ஆத்துல என்னலே கெடக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கில்லம்மா. அறாதுல்லா?" என்றான்.

அறாது என்பதுதான் என் கவலையே என்று சொன்னால் அவனுக்கு விளங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கொக்கிரகுளம் படித்துறையில் அந்த நரம்பை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அவன் நிற்பதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில், துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவனுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. ப்ளஸ் டூ படிக்கிற பையன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "அவன் என்ன சின்னப்பிள்ளையா? விடு" என்கிறார் என் கணவர். விடத்தான் பார்க்கிறேன். கண்ணை மூடினால் அந்தப் பச்சை நரம்பு விறைத்து நிற்கிறது. ஒல்லி நரம்பாக வாங்கு, அறுந்தால் அறுந்து போகட்டும் என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று. காரணம் கேட்கிறான். காரணம் சொல்ல வேண்டும் என்றால் என் மாமாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வேலை. மே மாத விடுமுறைக்கு நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து அங்கே போவோம். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். நூல் விஷயத்தில் மாமாவுக்கு மேல் ஆள் கிடையாது. இதை எங்களுக்குச் சொன்னவரும் மாமாதான். யார் வந்தாலும் சட்டை நுனியை விரலிடுக்கில் வைத்து உருட்டி, "இது நாப்பதாம் நம்பர்" என்பார். ஒரு கல்யாணத்தில் மணமேடையில் ஏறி மாப்பிள்ளையின் வேட்டியை உருட்டிப் பார்த்தவர். பெண் வீட்டுக்காரர்கள் பயந்துபோனார்கள்.

அப்பா வேறு மாதிரி. பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்தர். எதற்கெடுத்தாலும் பயம். மீனில் முள்ளை அவரே எடுத்துவிட்டுத்தான் என் தட்டில் வைப்பார்; எடுத்த பிறகு அம்மாவிடம் கொடுத்து இன்னொரு தரம் பார்க்கச் சொல்வார். நான் மரத்தடியில் நின்றால் கிளையைப் பார்ப்பார். வெயிலில் நின்றால் தலையைத் தொட்டுப் பார்ப்பார். இப்படி ஒருவரோடு வளர்கிற பிள்ளைக்கு மாமா போல ஒருவரைக் கண்டால் எப்படி இருக்கும்?

அந்த வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தினமும் ஆற்றிலிருந்து கெண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் ஒரு மீன், ஒரே ஒரு மீன், என் கையால் பிடித்தாக வேண்டும். ஊருக்குப் போவதற்குள் பிடிக்காவிட்டால் உயிரோடு இருந்து பிரயோஜனமில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டேன். மாமா வாக்குக் கொடுத்தார். அதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவில் ஆராதனை முடிந்ததும் மீன் வரும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டார்; அத்தை மசாலாவும் அரைத்து வைத்துவிட்டாள்.

கடைக்கு அப்பாவும் கூட வந்தார். என்னைத் தனியாக மாமாவோடு அனுப்ப அவருக்கு மனசில்லை.

"தூண்டிலுக்கு நரம்பு வேணும். நூறாம் நம்பர் எடும்" என்றார் மாமா.

கடைக்காரர் யோசித்தார். "நூறா? அது புன்னக்காயல் பக்கம் கடலுக்குப் போறவங்க கேக்கதுல்லா அண்ணாச்சி? ஆத்துக்கா?"

"நூலப் பத்தி எங்கிட்டயே சொல்லுதீராக்கும்? எடும்வே."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மில்லில் நூலுக்கு நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இருபதாம் நம்பர் முரட்டு நூல். நூறாம் நம்பர் கண்ணுக்கே அகப்படாத மெல்லிசு. தூண்டில் நரம்புக்கு நேர் எதிர். நம்பர் ஏற ஏற நரம்பு தடிக்கும். மாமா ஆயுசெல்லாம் நூலோடு கிடந்தவர். நூறு என்றால் மெல்லிசு என்பது அவருக்குப் பைபிள் வாக்கு மாதிரி. ஆற்று மீனின் கண்ணில் படாத மெல்லிசு வேண்டும் என்று நினைத்தாரே, அந்த நினைப்பு சரிதான். கேட்டதுதான் தப்பு.

கடைக்காரர் பரணில் ஏறித் தேடி, தூசி தட்டி எடுத்துவந்து கொடுத்தார். கொடியாகக் கட்டித் துணி காயப்போடலாம். அவ்வளவு தடிமன்.

மாமா ஒரு கணம் அதை விரலிடுக்கில் உருட்டினார். முகம் மாறியது. ஆனால் மாமா மாமாதான்.

"கஞ்சி ஏத்தியிருக்கான்" என்றார். "புது நூலு இப்படித்தான் இருக்கும். தண்ணில நனைஞ்சா இளகி ஒல்லியாயிரும்."

"மச்சான், இது நைலானுல்லா" என்றார் அப்பா. "இதுக்கு எங்கன கஞ்சி? ஒல்லியா ஒண்ணு வாங்குவோம். அறுந்தாலும் குத்தமில்ல."

"அறுகதுக்காகவா மாப்ள நூலு வாங்குவாங்க? நீங்க ஆபீஸ்ல பேனாவப் பிடிங்க. இத எங்கிட்ட விடுங்க."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவும், வேறு வழியில்லாமல், சிரித்தார்.

ஆற்றங்கரையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஊர்ப் பையன்கள் ஒல்லி நரம்பைப் போட்டு மண்புழு கோத்துப் பொடிக் கெண்டையாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நரம்பு தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்றது. ஈயக்குண்டைக் கட்டினால் குண்டையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு மிதந்தது. மாமா ஒரு கல்லைக் கட்டினார். கல் விழுந்த சத்தத்தில் இருந்த மீனும் போய்விட்டது. தெளிந்த தண்ணீர், உள்ளே எங்கள் நரம்பு வெள்ளைப் பாம்பு மாதிரி கிடப்பது கரையிலிருந்தே தெரிந்தது.

"ஏ பிள்ள, ஆனை பிடிக்க வந்திருக்கியா?" என்று ஒரு பையன் கேட்டான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிங்கலே, சிரிங்க. உங்க நூலுக்குப் பொடிசுதான் வரும். இதுக்கு வரும் பாரு" என்றார் மாமா.

நரம்பு வழுக்கி வழுக்கி என் விரலைவிட்டுப் போயிற்று. அதற்கும் மாமாவிடம் வழி இருந்தது. மில்லில் அறுந்த நூலைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறார்களே, அந்த முடிச்சு. நரம்பின் நுனியை என் மணிக்கட்டில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார்.

"மில்லு முடிச்சு. அவுந்துச்சுன்னா என் பேர மாத்திக்கிடுதேன்."

"மச்சான், கையில கட்டாதீங்க" என்றார் இரண்டு படி மேலே உட்கார்ந்திருந்த அப்பா.

"சும்மா இரிங்கப்பா" என்றேன் நான். "எனக்கு ஒண்ணும் ஆவாது."

அப்பா எழுந்து வந்து முடிச்சை நகத்தால் நோண்டிப் பார்த்தார். அவிழவில்லை. நான் கையைப் பறித்துக்கொண்டேன்.

அணையில் தண்ணீர் திறந்தால் அங்கே ஆறு சத்தம் காட்டாமல் பைய ஏறும். முதலில் ஒரு படி மறையும். பிறகு நிறம் மாறும். பழகிய பையன்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். "பாப்பா, வா, போதும்" என்றார் அப்பா. "கலங்கல்லதான் மாப்ள பெருசு கடிக்கும்" என்றார் மாமா. அவர்கள் இருவரும் அதை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை விசுக்கென்று முன்னால் போயிற்று.

"மாமா, மீனு!"

"விடாத ஏட்டி! விடாத!"

விடுவதற்கு என்ன இருக்கிறது? கட்டியல்லவா இருந்தது. பாசிப் படியில் என் கால் வழுக்கியது. உட்கார்ந்தேன், உட்கார்ந்த வாக்கிலேயே அடுத்த படிக்குப் போனேன். இடுப்பு வரை தண்ணீர். அப்போதும் எனக்குப் பயமில்லை. சந்தோஷம்தான். அவ்வளவு பெரிய மீன்.

ஆராதனைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு அப்பா என்னைத் தாண்டித் தண்ணீருக்குள் குதித்தார். எனக்கு முன்னால் நரம்பைப் பிடித்து, தன் கையில் சுற்றிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்தார். என் பக்கத்து நரம்பு தளர்ந்தது. அவர் பக்கம் விறைத்து நின்றது. அறுந்திருக்க வேண்டிய நேரத்தில் அது அறவில்லை. மாமா பல்லால் கடித்தார். கல்லை வைத்துக் குத்தினார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. "யாராவது வாங்களேன்" என்று கத்தியபோது அவர் குரல் பெண்பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. கரையில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்து அருவாளால் ஒரே இழுப்பில் நரம்பை அறுத்தாள்.

நரம்பின் அந்த நுனியில் மாட்டியிருந்தது ஒரு மருதமரக் கிளை. வெள்ளத்தில் உருண்டு போனதைக் கரையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு மட்டும் அது மீனாகத்தான் தெரிந்தது.

அப்பாவின் வலது கையில் நரம்பு எலும்பு வரை இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அதன் பிறகு அவருக்குச் சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கவே இல்லை. கடைசி வரைக்கும் பேனாவைச் சோற்றுக் கரண்டி மாதிரிப் பிடித்துத்தான் எழுதினார். அத்தை அரைத்த மசாலாவில் கத்தரிக்காயைப் போட்டாள். யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன், அழுதுகொண்டே. கைக்கு வந்த மீன் போய்விட்டதே என்கிற அழுகை.

மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். கட்டுப்போட்ட கையை அப்பா மடியில் வைத்திருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க நடுவுல வரலைன்னா நான் இழுத்துப் போட்டிருப்பேன்" என்றேன்.

"ஆமா பாப்பா" என்றார் அப்பா. "இழுத்துத்தான் போட்டிருப்ப."

"எவ்வளவு பெருசு இருந்திருக்கும்?"

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "உன் உயரம் இருக்கும்" என்றார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. என் உயர மீனைத் தொலைத்துவிட்டுச் சிரிப்பு வேறா? அப்பா நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நரம்பு அழுத்திச் சிவந்திருந்த இடத்தில். அம்பாசமுத்திரம் தாண்டியது, சேரன்மகாதேவி தாண்டியது. விடவில்லை. வெயில் வேறு, பிடித்த இடம் நசநசவென்று வேர்த்தது.

"வேர்க்குதுப்பா, விடுங்க" என்றேன்.

அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இந்த மனுஷனுக்குச் சொன்னது எதுவும் புரியாது என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிப்போனேன்.