ஸ்டெல்லா கொண்டுவந்த தண்ணீர்

என் மனைவி ஸ்டெல்லா கைப்பேசியில் சொல் விளையாட்டு ஆடும்போதெல்லாம், "ஒனக்கு வேற வேலையே இல்லியா?" என்று கத்துவேன்.

போன வருடம் எனக்குப் பக்கவாதம் வந்து, தெரிந்த பொருள்களின் பெயர்கூட வாயில் வராமல் போனது. எங்கள் ஆவடி வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன்.

மருத்துவர் சொன்ன பயிற்சிகளோடு, அந்த விளையாட்டையும் ஸ்டெல்லா என்னிடம் நீட்டினாள். "சும்மா ஆடுங்க. தப்பா போட்டா அது ஒண்ணும் சிரிக்காது."

தினமும் கூடவே உட்கார்ந்து ஆடினாள். மூன்றாம் மாதம், அவள் சமையலறையில் இருந்தபோது, கலைந்து கிடந்த நான்கு எழுத்துகளைப் பார்த்து "தண்ணீர்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

நான் கேட்பதாக நினைத்து டம்ளரோடு ஓடிவந்தாள். திரையைக் காட்டினேன். அழுதுவிட்டாள். தாகமில்லாவிட்டாலும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். நன்றி சொல்ல அப்போது எனக்குத் தெரிந்த வழி அதுதான்.