அஞ்சு தட்டும் ஆறாவது தட்டும்

எனக்கு எழுத்து அவ்வளவா வராதுங்க. அஞ்சாவதோட பள்ளிக்கூடம் நின்னு போச்சு. முன்னால நடந்ததைப் பின்னால எழுதிடுவேன், சிலது மறந்தும் போச்சு. பொறுத்துக்குங்க.

போன மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால, சாப்பாட்டுத் தட்டு வாங்க மருமகளும் நானும் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போனோம். ஊட்டுல தட்டு இல்லாமல் இல்லை. என் கல்யாணத்துக்குக் கோயமுத்தூர்ல வாங்கின எவர்சில்வர் தட்டுக, எங்க ஊட்டுக்காரர் பேர் வெட்டினது, இன்னும் நல்லாத்தான் இருக்கு. தினப்படிக்கு அது போதும். ஆனா ஒருத்தரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தேன். அவங்களுக்கு எந்தத் தட்டுல சோறு போடறதுங்கறதுதான் என் கவலை.

அவங்க பக்கத்து டீ எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சவங்க. சின்னப் பிள்ளையா இலங்கையிலிருந்து வந்தவங்க. லீவு நாளுல எங்க ஊட்டுக்குப் பாத்திரம் கழுவ, துணி துவைக்க வருவாங்க. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப கஞ்சி காய்ச்சி ஊட்டி விட்டவங்க. அந்தக் கஞ்சியைக் குடிச்சேன். ஆனா அவங்க சாப்பிட எங்க ஊட்டுல தனியா ஒரு அலுமினியத் தட்டு. பின்கதவுக்கு வெளியே ஜன்னல் கட்டையில கவுத்தியிருக்கும். வெச்சது எங்க மாமியார். மாமியார் போய் எத்தனையோ வருசமாச்சு. அந்தத் தட்டை உள்ளே எடுத்து வைக்கக் கூடாதுன்னு அப்புறம் யாரும் சொல்லலை. நான்தான் எடுக்கலை.

இப்ப அவங்களுக்கும் வயசாயிருச்சு. எஸ்டேட்டுல குடுத்திருந்த லயத்து ஊட்டைக் காலி பண்ணிட்டு தேவாலாவுல மககிட்டப் போறேன்னாங்க. போறதுக்குள்ள ஒரு வேளையாவது எங்க மேசையில உக்காந்து சாப்பிடணும்னு மனசு அடிச்சுக்கிச்சு. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க"ன்னேன். அது வரைக்கும் வா, போன்னு கூப்பிட்டவ நான்.

அவங்க சிரிச்சாங்க. "என்னம்மா புதுசா மரியாதை? பயமா இருக்கே."

கடைக்காரர் ஒவ்வொரு தட்டா நகத்தால சுண்டிக் காட்டினார். "சத்தத்தைக் கேளுங்கம்மா, கோயில் மணியாட்ட. போன் சைனா பீங்கான்."

"அதுல எலும்புத்தூள் கலப்பாங்களாமா?" மருமகள் கேட்டாள்.

"கோழிக்குழம்புக்குப் பொருத்தமாத்தான் இருக்குமுங்க"ன்னு கடைக்காரர் சிரிச்சார்.

நான் சிரிக்கலை. மெல்லிசுத் தட்டு எங்க ஊர் குளிருக்குச் சோத்தைச் சீக்கிரம் ஆற வெச்சிரும். விளிம்பு ஏறாத தட்டுல ரசம் மேசைக்கு ஓடிரும். கையில பிசைஞ்சு சாப்பிடறவங்களுக்கு ஒரு விரல்கடை உயரமாச்சும் விளிம்பு வேணும். அப்படிக் கெட்டியா வெள்ளையில ஒண்ணு கிடைச்சுது. எங்க ஊட்டுல நாங்க அஞ்சு பேர். அஞ்சு எடுத்தேன். அப்புறம் தங்கக் கரை போட்டு, நீலப்பூ வெச்சது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அதையும் எடுத்து, "இது அவங்களுக்கு"ன்னேன்.

மருமகள் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்கத்தை, இப்பவும் அவங்களுக்குத் தனித் தட்டுதானுங்களா?"ன்னாள்.

"நல்லதா இருக்கட்டும்னுதான் கண்ணு."

"நல்லதுதானுங்க. ஆனாலும் தனிதானுங்களே."

கடைக்காரர் பார்க்கிறாரேன்னு கூசிப்போச்சு. பூப்போட்டதை வெச்சுட்டு வெள்ளையிலயே ஆறாவதையும் வாங்கினோம். ஊட்டுக்கு வந்ததும் பழைய அலுமினியத் தட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை அவங்க பட்டர் பழம், அவகாடோங்கறாங்களே, அது நாலு எடுத்துட்டு, வழக்கம் போலப் பின்கதவு வழியாத்தான் வந்தாங்க. ஜன்னல் கட்டையைப் பார்த்தாங்க. "எங் கோப்பையைக் காணோமேம்மா?" தட்டை அவங்க கோப்பைன்னுதான் சொல்லுவாங்க.

என்னென்னமோ சொல்லணும்னு நெனச்சு வெச்சிருந்தேன். கடைசியில "உள்ளே வாங்க"ன்னேன்.

நாற்காலி நுனியில உக்காந்தாங்க. தட்டுகளைச் சுடுதண்ணியில போட்டுத் தொடைச்சு வெச்சிருந்தேன். தொட்டுப் பார்த்துட்டு, "சுடுதே"ன்னாங்க. "குளிருக்குத்தான்"னேன். மெதுவாச் சாப்பிட்டாங்க. ரசம் மட்டும் ரெண்டாந்தரம் கேட்டாங்க. பழசைப் பத்தி நானும் பேசலை, அவங்களும் பேசலை.

சாப்பிட்டு எந்திரிச்சதும், நான் தடுக்கறதுக்குள்ள அவங்க தட்டை எடுத்துட்டுப் போய்க் கழுவி, அதே ஜன்னல் கட்டையில கவுத்திட்டாங்க. கோபத்துல செஞ்சதில்லைங்க. கை அப்படிப் பழகிப்போச்சு. பழக்கினது நாங்கதான். நான் போய் அதை எடுத்துட்டு வந்து, மருமகள் கழுவி அடுக்கின மத்த அஞ்சு தட்டுக்கு நடுவுல சொருகினேன்.

"எம்மா, அது எங் கோப்பை."

"எது?"ன்னு கேட்டேன்.

அவங்க ஆறையும் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. எனக்குத் தலை நிமிரலை.

"பழைய கோப்பையை எங்கம்மா வெச்சீங்க?"ன்னாங்க.

"டிரம்முக்குப் பின்னால."

"குடுங்க, நான் கொண்டு போறேன். இத்தனை வருசம் அதுல தின்னிருக்கேன். அது உங்களுக்கு எதுக்கு?"

பேப்பர்ல சுத்திக் குடுத்தேன். வாங்கிட்டு, இந்தத் தடவை முன்கதவு வழியாப் போனாங்க. மன்னிச்சுக்குங்கன்னு வாசல்ல சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பாத்துப் போங்க, படி வழுக்கும்."

அவங்க எங்க ஊட்டுக்கு எத்தனை வருசம் வந்தாங்கன்னு எனக்குச் சரியாத் தெரியலை. கஞ்சி குடுத்தது எந்த வருசக் காய்ச்சல்ல, தட்டை முதல்ல வெளியே வெச்சது மாமியார்தானா, இல்ல பழியை மாமியார் மேல போட்டு நானே அப்படி நெனச்சுக்கிட்டேனா, அதுவும் நிச்சயமில்லை. அவங்களுக்குத் தெரியும். மருமகள் தேவாலா பக்கம் போறப்ப இதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். தப்புன்னு அவங்க சொல்றதையெல்லாம் அடிச்சுட்டு, அவங்க சொன்னபடியே எழுதணும். எனக்கு நேர்ல போய்க் கேக்க வாய் வராது.