பத்தாவது கொடி

அன்று காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் இருந்தவர்கள்: தோட்டக்காரி ராசாத்தி, மருந்தடிக்கும் செல்வம், ஒரு நாய், நான். எலுமிச்சம்புல் தைலத்தைப் பூச்சிமருந்து என்று விற்பவனுக்கு இதுவே பெருங்கூட்டம். வாய் திறக்கக் கூச்சப்பட்டுக்கொண்டே வியாபாரத்துக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளுக்கு இது புரியும்.

மோந்து பார்த்தது

அறுப்புக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. கொத்துக்குள் மாவுப்பூச்சி. வெள்ளை தெரிந்தால் வியாபாரி அந்தப் பக்கமே வரமாட்டார். காய் முற்றும் நேரத்தில் விஷமருந்து அடிக்க ராசாத்திக்குப் பயம். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

எட்டு நாளாக மனப்பாடம் செய்த விளக்கத்தில் நான் முதல் வரியை முடிப்பதற்குள், அவர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது மூட்டு வலிக்குத் தேய்க்கிறதுல்லண்ணே? பூச்சிக்கு மூட்டு எங்கன இருக்கு?”

கருகியது

முதலில் பத்துக் கொடிக்கு மட்டும் அடித்துப் பார்ப்பதாகப் பேச்சு. கொடிக்கு ஒரு கொத்து வீதம் எண்ணினேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பூச்சி. பத்து லிட்டர் டேங்குக்கு முப்பது மில்லி தைலம். அளவுமூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு சொட்டு கூடிவிட்டதென்று திருப்பி ஊற்றி, மறுபடி அளந்தேன். அந்த மும்முரத்தில் சோப்புக் கரைசலைச் சேர்க்க மறந்துவிட்டேன். சோப்பு இல்லாமல் தைலம் தண்ணீரோடு கலக்காது.

செல்வம் இரண்டாவது கொடியில் இருக்கும்போது, என் பைக்குள் சோப்புப் பாட்டில் தெரிந்தது. “நிறுத்துப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோட்டக்காரி முன்னால் எப்படிச் சொல்வது என்று நின்றுவிட்டேன். டேங்க் அடியிலிருந்து உறிஞ்சும். தைலம் மேலே மிதக்கும். ஒன்பது கொடி வெறும் தண்ணீர் குடித்தது. பத்தாவது கொடி மொத்தத் தைலத்தையும் வாங்கிக்கொண்டது.

மூன்றாம் நாள் எண்ணினேன். ஒன்பது கொடியில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு இருந்தது, நூற்றுத் தொண்ணூற்றேழு ஆகியிருந்தது. பத்தாவது கொடியை எட்டிப் பார்த்துச் செல்வம் சொன்னான்: “பெரியவரே, இதுல ஒரு பூச்சி இல்ல. அது உக்கார ஒரு இலையும் இல்ல.”

டேங்க் தூக்கியது

ராசாத்தியிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டே வாக்கியம்தான்; அதற்கு நான்கு முறை தொண்டையைச் செருமினேன். கருகிய கொடியில் ஒரு குச்சியை அவர் ஒடித்துப் பார்த்தார். இத்தோடு போகச் சொல்வார் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவரோ டேங்கைக் காட்டி, “செல்வம் தூக்க வேணாம். நீங்களே தூக்குங்க” என்றார்.

அறுபத்தெட்டு வயதில் தூக்கினேன். முதலில் சோப்பு, அதில் தைலம், பிறகு தண்ணீர். பால் மாதிரி வெளுத்தது. வெயில் தாழ்ந்த பிறகு, கொடிக்கு ஒரு தரம் டேங்கைக் குலுக்கிக் குலுக்கி அடித்தேன். குலுங்கியது டேங்கை விட நான்தான் அதிகம்.

மூன்றாம் நாள் கொத்துக் கொத்தாகப் பிரித்துப் பார்த்து, சந்தேகத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன். ராசாத்தி பொறுமை இழந்தார்: “எண்ணுனது போதும்ணே! நாளைக்குத் தோட்டம் முழுக்க அடிச்சு விடுங்க. அளக்கிறத மட்டும் செல்வத்துக்கிட்ட விட்டுருங்க.”

ஆக, ஒரு வார்த்தை பேசக் கூச்சப்பட்டதில் போனது ஒரு கொடி. உண்மையைச் சொல்லி மறுபடி அடித்ததில், ஒன்பது கொத்திலிருந்த நூற்றுத் தொண்ணூற்றேழில் மிஞ்சிய பூச்சி பதினொன்று.