ஆறாவது பேனாக்கத்தி

ஆவூர் சந்தனராஜ் வாத்தியாருக்குப் பேனாக்கத்தி என்றால் உயிர். வெட்ட அல்ல, சேர்த்து வைக்க. அலமாரியில் நாற்பத்தொரு கத்தி இருக்கிறது. ஒன்றுகூட எலுமிச்சம்பழத்தைத் தொட்டதில்லை.

வாங்க ஆரம்பித்தது வி.பி.பி. தபால் காலத்தில். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, "மதிப்பிற்குரிய ஐயா" என்று கம்பெனிக்குக் கடிதம் போடுவார். நாற்பது நாள் கழித்துப் பொட்டலம் வரும். தபால்காரரிடம் பணத்தைக் கட்டிய பிறகுதான் பிரிக்கலாம். சில சமயம் படத்தில் பார்த்த கத்தி இருக்கும், சில சமயம் அதற்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கும். யாரிடம் போய்க் கேட்பது?

அப்படி வந்ததுதான் எருமைக்கொம்புப் பிடி போட்ட வரிசை. மொத்தம் ஆறு. ஐந்து வந்து சேர்ந்தது. ஆறாவது தீர்ந்துவிட்டது என்று கார்டு வந்தது. அன்றிலிருந்து அந்த ஆறாவதைத் தேடிக்கொண்டே இருக்கிறார்.

இப்போது எல்லாம் கத்தி சேர்ப்பவர்களின் வாட்ஸப் குரூப்பில். விற்பவர் படம் போட்டதும் முதலில் கேட்பவருக்கே கத்தி. போன ஞாயிறு பூசை முடிந்து வந்து போனைத் திறந்தால், அந்த ஆறாவது! முன்பின் தெரியாதவரிடம் மொட்டையாகக் கேட்பது எப்படி? "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, தன்னிடம் ஐந்து இருப்பதைச் சொல்லி, ஒற்றுப்பிழை திருத்தி, பின்கோடு வரை ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். அதற்கு ஏழு நிமிடம் முன்பே நித்யா என்று ஒருத்தி "எனக்கு" என்று போட்டிருந்தாள்.

"கத்தி கேக்குறதுக்கு லீவ் லெட்டரா எழுதுவாங்க?" என்றார் மனைவி வியாகுலமேரி. வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அந்த நித்யாவே போனில் கூப்பிட்டாள்.

"ஐயா, எனக்குச் சொந்த ஊரு அரிமளம், இப்ப சென்னையில இருக்கேன். உங்க அஞ்சையும் எனக்கே குடுத்துருங்களேன், செட்டு சேந்துரும்."

"தர மாட்டேம்மா." பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"சரிங்கய்யா. பாக்கவாச்சும் வரலாமா? நானும் ஆறாவத எடுத்துட்டு வாரேன்."

வாத்தியாருக்குக் கத்தி போன வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனால் இத்தனை வருடத்தில் அவருடைய கத்திகளைப் பார்க்க வேண்டும் என்று பெற்ற மகள் ஜெனிபர்கூடக் கேட்டதில்லை.

"எப்பம்மா வர்றே?" என்றார்.