பெட்ரோல் டாங்க்குக்குப் போட்ட பூட்டு

பெட்ரோல் விலை திடீரென்று ஏறிய அந்த வருஷத்தில் எங்கள் ஒர்க் ஷாப்பில் அதிகம் விற்றது பிரேக் ஷூவும் அல்ல, பிளக்கும் அல்ல. டாங்க்குக்கான பூட்டு மூடி. அம்பத்தூர் எஸ்டேட் முதலாளிகள் அத்தனை பேருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தங்கள் டிரைவர்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் டிரைவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று அர்த்தமில்லை. பெட்ரோலுக்குத் திருடும் அளவுக்கு மதிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் அங்கே சர்வீஸ் சூப்பர்வைசர். வண்டிக்கு என்ன கோளாறு என்று பார்ப்பது ஃபோர்மேன் ராஜமாணிக்கத்தின் வேலை. வண்டிக்காரர் சொல்வதை ஜாப் கார்டில் எழுதுவது என் வேலை. டிப்ளமா படித்தவன் என்பதால் மேஜையும் மின்விசிறியும் எனக்கு. மீதி நேரத்தில் இழுப்பறையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு துப்பறியும் நாவல் படிப்பேன். அந்தப் படிப்பு இந்த விவகாரத்தில் எனக்குத் துளியும் உதவவில்லை.

1. ஈரத்துணி வைத்தியம்

சபாபதி என்று ஒரு முதலாளி. அயனம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த குடும்பம். இவர் காலத்தில் போல்ட், நட்டு விளைந்தது. அவரிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. அதை ஓட்டியவன் பருத்திப்பட்டு கன்னியப்பன். அவன் அப்பா சபாபதி வீட்டு நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகன் அதே வீட்டுக் காரை ஓட்டினான். வெள்ளைச் சட்டையைத் தினமும் தானே துவைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவான். அவன் குடும்பத்தில் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் அவன்தான்.

அந்தக் காருக்கும் நாங்கள்தான் பூட்டு மூடி மாட்டிக் கொடுத்தோம். சாவி சபாபதியிடம். சில வாரங்களில் வண்டி ஒர்க் ஷாப்புக்கு வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இருமி, இழுத்து, நின்றுவிடுகிறதாம்.

"பூட்டு போட்டாரு பாரு சார், அன்னிலேந்துதான் இப்டி நின்னுகினு கீது" என்றான் கன்னியப்பன்.

மனக்குறையைச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவனும் மனக்குறையாகத்தான் சொன்னான். நம்பாதவன் வண்டியில் லட்சுமி தங்கமாட்டாள் என்கிற மாதிரி ஏதோ சேர்த்துக்கொண்டான். மனக்குறைக்கு ஜாப் கார்டில் இடமில்லாததால், 'வண்டி ஓட்டத்தில் நிற்கிறது' என்று மட்டும் எழுதினேன்.

ராஜமாணிக்கம் பானெட்டைத் திறக்குமுன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இன்னா சார், மே மாசம். வேப்பர் லாக்குதான். பம்ப்ல ஈரத்துணி சுத்து."

வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதுதான் வேப்பர் லாக். அந்தக் காலத்தில் ஆவடி ரோட்டில் போகும் வண்டிகளில் பாதி, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி பம்ப்பில் ஈரத்துணியோடுதான் போகும். துணி சுற்றினோம். நிற்பது நிற்கவில்லை. பிறகு பம்ப்பின் டயாஃப்ரம் மாற்றினோம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம், டிஸ்ட்ரிபியூட்டரையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்து ஊரான பாடி வரை ஓட்டிப் பார்த்தோம். எங்கள் கையில் அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. வண்டி வரும்போதெல்லாம் சபாபதி எங்கள் எதிரிலேயே மூடியைத் திறந்து பெட்ரோல் அளந்து, எங்கள் மேலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விடுவார். திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வரும். வெயிலுக்கு ஆவி வெளியே வருகிறது என்றார் ராஜமாணிக்கம். நானும் தலையாட்டினேன். மே மாதத்தில் யார்தான் மறுப்பார்கள்?

கடைசியில் கார்டில் 'குறை காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல கையெழுத்து எனக்கு.

2. முதலாளியின் குச்சி

சபாபதி பில்லை நம்பமாட்டார். பெட்ரோல் பங்க்கில் பில் எழுதுகிறவன் டிரைவருக்கு மச்சானாக இருக்கலாம் என்பது அவர் கட்சி. ஆகவே ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். வண்டி வாங்கிய புதிதில் காலி டாங்க்கில் லிட்டர் லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் குச்சியில் கோடு கீறிக்கொண்டாராம். அந்தக் கோடுகள்தான் அவருக்கு வேதம்.

வழியில் வண்டி நின்றால், கன்னியப்பன் பஸ் பிடித்து ஃபாக்டரிக்குப் போய்ச் சொல்வான். சபாபதி சாவியும் குச்சியுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். மூடியைத் திறப்பார், குச்சியை விடுவார், கோட்டைப் பார்ப்பார், முகம் சுளிப்பார், பூட்டுவார். "எடு" என்பார். வண்டி உடனே கிளம்பிவிடும்.

என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அவர் வழக்கை எடுத்து வைத்தார். "நான் போனா கெளம்புது. நான் இல்லன்னா நிக்குது. இதுக்கு இன்னா அர்த்தம் சொல்லுங்க. பூட்ட எடுக்க வைக்க நாடகம் ஆடறான். அது போவட்டும், முன்னெல்லாம் பத்து கோடு எறங்கினா எவ்ளோ தூரம் ஓடும்? இப்ப அதுல முக்கால்தான் ஓடுது. மீதிய யாரு குடிக்கிறா?"

டாங்க்கின் அடியில் பெட்ரோலை வடிக்கிற டிரெய்ன் பிளக்கைக் கழற்றி எடுக்கிறானோ என்று பார்க்கச் சொன்னார். பார்த்தோம். ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. அதைச் சொன்னேன். 'பழகின கை' என்றார். இல்லாத அடையாளமும் ஒருவனுக்கு எதிரான சாட்சியாகும் என்பதை எந்தத் துப்பறியும் நாவலிலும் நான் படித்ததில்லை.

இதில் கன்னியப்பனுக்கு வேலை போவது மட்டும் விஷயமல்ல. எஸ்டேட்டில் டிரைவர் வைக்கிறவர்கள் பழைய முதலாளியை ஒரு வார்த்தை கேட்காமல் வைக்கமாட்டார்கள். பெட்ரோல் திருடன் என்று பெயர் வந்தால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை அவன் கையில் யாரும் ஸ்டியரிங் கொடுக்கமாட்டார்கள். அவனுக்கும் அது தெரியும். ஒரு நாள் என்னிடம் தனியாக வந்து, வண்டியில்தான் கோளாறு என்று ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான். கோளாறு என்னவென்று கண்டுபிடிக்காமல் எப்படிச் சொல்வது என்றேன். அப்போது அது நேர்மை மாதிரி இருந்தது.

பம்பாயிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த ஒருவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகும்போது, திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வண்டி நின்றது. அவர் ரயிலை விட்டார். சபாபதி ஆர்டரை விட்டார். சபாபதி வந்து மூடியைத் திறந்து குச்சியை விட்டதும் வழக்கம்போல வண்டி கிளம்பியது. கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, 'வண்டியில் ஒன்றுமில்லையென்று படித்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்' என்று சொல்லி வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாராம். கன்னியப்பன் தண்டவாளத்தோரமாகவே நடந்து வீட்டுக்குப் போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

3. பஸ் டிக்கெட்

அதற்குப் பிறகு சபாபதி தானே ஓட்டினார். வண்டி தொடர்ந்து நின்றது. இதில் அவருக்கு வந்த குழப்பம் பரிதாபமானது. குச்சியில் கோடும் அதே கணக்கில் இறங்கியது. தன்னைத் தானே சந்தேகிக்கத் தெரியாத மனிதர், மறுபடியும் எங்களிடம் வந்தார்.

இந்தத் தடவை நான் கூடப் போனேன். மேஜையை விட்டு எழுந்ததுதான் அந்த வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். ஆவடி தாண்டி வண்டி இருமி நின்றது. சபாபதி வழக்கம்போலக் குச்சியை எடுத்தார். "இருங்க, தொடாதீங்க" என்றேன்.

பம்ப் சூடு ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினோம். வரவில்லை. பம்ப்பில் தண்ணீர் ஊற்றினோம். வரவில்லை. பிறகு மூடியைத் திருகச் சொல்லி, சட்டைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை அதன் ஓரத்தில் பிடித்தேன். 'உஸ்' என்றது. ஆவி வெளியே வந்தால் டிக்கெட் பறக்க வேண்டும். அது மூடியின் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது.

உள்ளே போகிற காற்றைத்தான் இத்தனை நாளும் வெளியே வருகிற ஆவி என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

பெட்ரோல் வெளியேற வெளியேற டாங்க்குக்குள் அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும், வராவிட்டால் பம்ப்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. வெயிலில் ஆவி கிளம்பினால் வெளியேறவும் வேண்டும். அதற்காக டாங்க்கின் கழுத்தில் ஒரு மெல்லிய வென்ட் பைப் உண்டு. ஒர்க் ஷாப்பில் அதைக் கழற்றி ஊதினேன். அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தியதும் காய்ந்த மண் உதிர்ந்தது. எப்போதோ ஒரு குளவி உள்ளே கூடு கட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு பழைய மூடியிலிருந்த சிறு துவாரம்தான் டாங்க்குக்கு மூக்கு. நாங்கள் மாட்டிய பூட்டு மூடியில் துவாரம் கிடையாது. சபாபதி குச்சிக்காக மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று புகுந்தது, வண்டியும் கிளம்பியது. கன்னியப்பன் முதல் நாள் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை, கோளாறின் விவரம்.

டாங்க்கை இறக்கினோம். ராஜமாணிக்கம் அதைத் தடவிப் பார்த்தார். "இன்னா சார் இது, கொழந்த சப்பின ஜவ்வுத்தாள் மாதிரி ஒட்டிப் போய்கீது." பம்ப் இழுத்து இழுத்துப் பக்கத் தகடு இரண்டும் உள்வாங்கியிருந்தன. பழைய கோட்டளவு பெட்ரோலை அது இப்போது கொள்ளாது. அதனால்தான் பத்துக் கோடு முக்கால் தூரம் ஓடியது. திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டுதான் திருட்டுக்குச் சாட்சியையும் தயாரித்திருந்தது.

சபாபதி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவன் ஊடு எங்கன்னு தெரியுமா?" என்றார். கெட்டவரில்லை.

4. பருத்திப்பட்டில்

டாங்க்கைத் தட்டி நிமிர்த்தி, பைப்பைச் சுத்தம் செய்து, மூடியையும் மாற்றினோம். புது மூடியை மவுண்ட் ரோடு கடைகளில் தேடிப் பிடித்து நானே வாங்கி வந்தேன். காரியம் முடிந்த பெருமையோடு அதே காரில் இருவரும் கன்னியப்பன் வீட்டுக்குப் போனோம்.

அவன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்து ஏரிப் பக்கமாகக் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். தோளில் சட்டை இல்லை, சாக்குத் துணி. எங்களைப் பார்த்ததும் அவன் மனைவி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். சபாபதி உட்காரவில்லை. குளவி, பைப், காற்று எல்லாவற்றையும் அவரே விளக்கினார். நான் விளக்கியதைவிட நன்றாகவே விளக்கினார்.

"வண்டி மேலதான் தப்பு, கன்னியப்பா. உன் மேல இல்ல. எல்லார்கிட்டயும் சொல்றேன். நாளைக்கு வந்துடு."

கன்னியப்பன் காரைச் சுற்றி வந்தான். கண்ணாடித் தூசியை விரலால் துடைத்தான். பின்பக்கம் வந்ததும் நின்றான்.

"மறுக்கா பூட்டு போட்டுகீறீங்க."

"இது வேற மூடி. காத்து போறதுக்கு ஓட்ட கீது" என்று நான் முந்திக்கொண்டேன். "இனிமே நிக்காது."

"சாவி யாராண்ட கீது சார்?"

"எங்கிட்டதான்" என்றார் சபாபதி. மணி கேட்டதற்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அந்தக் கேள்வியில் வேறு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சாவியை அவனிடம் கொடுங்கள் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். கஸ்டமர் விஷயத்தில் தலையிடக்கூடாது என்று எங்கள் ஒர்க் ஷாப்பில் ஒரு விதி உண்டு. அது நல்ல சமயத்தில் ஞாபகம் வந்தது.

கன்னியப்பன் தலையை ஆட்டினான். "செரி மொதலாளி. இருட்டறதுக்குள்ள கெளம்புங்க. ஏரிக்கரை ரோடு சரியில்ல."

மறுநாள் அவன் வரவில்லை. எந்த நாளும் வரவில்லை. சபாபதி சொன்னபடியே எஸ்டேட்டில் எல்லாரிடமும் வண்டி மேல்தான் தப்பு என்று சொன்னார். கன்னியப்பன் கடைசி வரை மூட்டைதான் தூக்கினான். கறுப்புக் கார் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓடுகிற வண்டி நின்றால் பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் டாங்க் மூடியைத் திருகி ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். அது எந்தப் பக்கம் போகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. வண்டியைச் சரி செய்துவிட்டோம் என்ற தைரியத்தில் மட்டும் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். போவதானால் சாவியைக் கொடுக்கப் போங்கள்.